தண்ணீருக்குள் ஒளி முந்துமா, பிந்துமா?

ஒளியின் கதை – 11

சென்ற இதழில் ஃபிஸோவைப் பற்சக்கரத்தோடு சுரேனில் விட்டுவிட்டு வந்தோம். எதிரே மோன்மார்த்ர் குன்று, நடுவில் 8,633 மீட்டர். சக்கரத்தின் இடுக்கு வழியாகப் போன ஒளி திரும்பி வருவதற்குள் அடுத்த பல் வந்து வழியை அடைத்துக்கொண்டது. வானத்தின் துணையில்லாமல் தரையிலேயே ஒளியின் வேகத்தை அளந்துவிடலாம் என்பது 1849-ல் உறுதியாயிற்று. ஆனால் அவர் அளந்தது காற்றில் போகும் ஒளியை. தண்ணீரில், கண்ணாடியில் அது என்ன வேகத்தில் போகிறது?

இந்தக் கேள்விக்கு அப்போதே 200 வயது தாண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், விடைக்கு வேண்டிய எண் எல்லோர் கையிலும் இருந்தது. அதை 4/3 என்று படிப்பதா, 3/4 என்று படிப்பதா என்பதில்தான் சண்டை.

காற்றிலிருந்து தண்ணீருக்குள் சாய்வாக நுழையும் கதிர் மடங்கும் என்பது தாலமி காலத்திலேயே தெரியும். கோணத்தைப் பத்துப் பத்துப் பாகையாக மாற்றி அவர் அட்டவணையே போட்டு வைத்தார். எண்களுக்குள் இருக்கும் ஒழுங்குதான் பிடிபடவில்லை. செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்து வரும் கதிர், தண்ணீருக்குள் போனதும் 22 பாகைக்கு நிமிர்ந்துகொள்கிறது. 60 பாகை சாய்ந்து வந்தால் 40½ பாகை. 30-ஐ 22-ஆல் வகுத்தால் ஒரு விடை, 60-ஐ 40½-ஆல் வகுத்தால் வேறு விடை. கோணங்களை விட்டுவிட்டு அவற்றின் சைன் மதிப்புகளை வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் 1.33 வருகிறது. எந்தச் சாய்வுக்கும் அதேதான். 10-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு ஸஹ்ல் இதைக் கண்டிருந்தார். இங்கிலாந்தில் ஹாரியட் 1602 வாக்கில் கண்டு, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டார். லெய்டனில் ஸ்நெல் 1621-ல் கண்டு, அச்சிடாமலே காலமானார். 1637-ல் அச்சில் ஏற்றியவர் தெகார்த். நம் பாடப்புத்தகங்கள் ஸ்நெல்லின் பெயரைச் சொல்கின்றன, பிரெஞ்சுப் பாடப்புத்தகங்கள் தெகார்த்தின் பெயரைச் சொல்கின்றன. இப்னு ஸஹ்லுக்கு எந்தப் பக்கமும் இடம் கிடைக்கவில்லை.

தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5 அளவில், வைரத்துக்கு 2.42. ஒளிவிலகல் எண் என்று நாம் மனப்பாடம் செய்தது இதைத்தான். விதி கைக்கு வந்துவிட்டது. கதிர் ஏன் மடங்குகிறது என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

தெகார்த் ஒளியை டென்னிஸ் பந்தாக வைத்துப் பேசினார். பந்து தண்ணீரின் பரப்பைத் தொடும் கணத்தில் இன்னொரு மட்டையடி விழுந்தால் கீழ்நோக்கிய வேகம் கூடும், பாதை செங்குத்தை நோக்கித் திரும்பும். ஆகவே அடர்ந்த பொருளுக்குள் ஒளி இன்னும் எளிதாக, இன்னும் விரைவாகப் போகிறது. இதைச் சொன்ன அதே மனிதர் ஒளி கணமும் தாமதமின்றிப் பரவுகிறது என்றும் உறுதியாக நம்பினார். நேரமே எடுத்துக்கொள்ளாத ஒன்று எப்படி இன்னும் விரைவாகப் போகும் என்று அவரைக் கேட்டவர்கள் உண்டு. சமாளிப்புகளும் உண்டு.

துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் பதவி வகித்துக்கொண்டே கணக்குப் போட்டுவந்த ஃபெர்மாவுக்கு இந்த வாதம் அறவே பிடிக்கவில்லை. அடர்ந்த பொருளில் ஒளி தடுமாறித்தான் போகும் என்பது அவர் எண்ணம். இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையையே ஒளி தேர்ந்தெடுக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கில் இறங்கினார். தெகார்த்தின் விதி தவறு என்று காட்டிவிடலாம் என்ற எதிர்பார்ப்பும் அவருக்கு இருந்தது. 1662 புத்தாண்டு நாளில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் முடிவைச் சொன்னார்: அதே சைன் விதிதான் வந்து நிற்கிறது! நேரெதிரான அனுமானத்திலிருந்து புறப்பட்டு எதிராளியின் வீட்டு வாசலிலேயே போய் நின்றவரின் வியப்பு அந்தக் கடிதத்தில் தெரிகிறது. தெகார்த்தின் சீடர் கிளெர்சலியே அதற்கும் மசியவில்லை. குறைந்த நேரப் பாதை எது என்று இயற்கை உட்கார்ந்து யோசிக்குமா, இது நீதிபோதனையே தவிர இயற்பியல் இல்லை என்று மறுப்பு எழுதினார். நியாயமான கேள்விதான். அதற்கு அலைக் கொள்கையிலிருந்து பதில் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று.

ஹைகன்ஸ் 1678-ல் பாரிஸ் அகாதெமியில் படித்து 1690-ல் நூலாக்கிய வாதம் இந்தத் தொடரில் முன்பே வந்தது. சாய்ந்து வரும் அலைமுகத்தின் ஒரு முனை முதலில் தண்ணீரைத் தொடுகிறது. அந்த முனை வேகம் குறைய, மறுமுனை காற்றில் பழைய வேகத்திலேயே வர, அலைமுகம் முழுவதும் திரும்புகிறது. எவ்வளவு திரும்பும் என்பது இரு வேகங்களின் விகிதத்தைப் பொறுத்தது. காற்றில் உள்ள வேகத்தைத் தண்ணீரில் உள்ள வேகத்தால் வகுத்தால் வருவதே 1.33. இங்கே ஒளி பிந்துகிறது.

நியூட்டனுக்கு ஒளி துகள். தண்ணீரை நெருங்கும் துகளை அதன் பரப்பு செங்குத்தாக உள்ளே இழுக்கிறது. பக்கவாட்டு வேகத்தில் மாற்றம் இல்லை, கீழ்நோக்கிய வேகம் மட்டும் கூடுகிறது. இந்த வழியிலும் பிசகில்லாமல் சைன் விதி வந்துவிடும். இம்முறை தண்ணீரில் உள்ள வேகத்தைக் காற்றில் உள்ள வேகத்தால் வகுத்தால் 1.33. இங்கே ஒளி முந்துகிறது.

கோணத்தை எத்தனை நுட்பமாக அளந்தாலும் இருவரில் ஒருவரை வீழ்த்த முடியாது, இருவருக்கும் ஒரே கோணம்தான். வேகத்தைக் கேட்டால் மட்டும் பதில்கள் பிரியும். காற்றில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்றால், நியூட்டன் கணக்கில் தண்ணீருக்குள் 4 லட்சம், ஹைகன்ஸ் கணக்கில் 2¼ லட்சம். வித்தியாசம் சிறியதல்ல, கிட்டத்தட்ட இரு மடங்கு. அளப்பதற்கு வழி இல்லை என்பது ஒன்றே குறை.

வழி சொன்னவர் அராகோ. 1838 டிசம்பர் 3 அன்று பாரிஸ் அறிவியல் அகாதெமியில் திட்டத்தை விளக்கினார். ஒளி இவ்வளவு வேகம் என்று எண்ணால் சொல்லவே தேவையில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். ஒரே கணத்தில் புறப்பட்ட இரு கதிர்களில் ஒன்றைக் காற்று வழியாகவும் மற்றொன்றைத் தண்ணீர் வழியாகவும் விட்டு, எது முதலில் வருகிறது என்று பார்த்தால் போதும். பந்தயத்தில் முதலில் வந்த குதிரையைக் காட்டத் தூரமும் தெரிய வேண்டாம், கடிகாரமும் வேண்டாம்.

நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான முந்தலை எதை வைத்துப் பார்ப்பது? லண்டனில் வீட்ஸ்டோன் 1834-ல் கம்பியில் மின்சாரம் ஓடும் வேகத்தை அறியச் சுழலும் ஆடி ஒன்றைப் பயன்படுத்தியிருந்தார். அதை அராகோ எடுத்துக்கொண்டார். வேகமாகச் சுழலும் ஆடியில் முதலில் வந்து விழும் கதிர் ஒரு திசையில் தெறிக்கும். சற்றே பிந்தி வரும் கதிர், ஆடி அதற்குள் கொஞ்சம் திரும்பிவிட்டதால் வேறு திசையில் தெறிக்கும். நேர வித்தியாசம் இட வித்தியாசமாக மாறிவிடும், கண்ணால் பார்த்துவிடலாம்.

யோசனை பிரமாதம், செயலில் ஓட்டை. அராகோவின் ஏற்பாட்டில் கண நேரமே தோன்றும் மின்பொறி ஒன்றுதான் ஒளிமூலம். பொறி தெறிக்கும் கணத்தில் ஆடி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒளி அறைக்குள் எங்கு வேண்டுமானாலும் போய் விழலாம். பார்ப்பவர் தொலைநோக்கியை ஏதோ ஒரு திசையில் வைத்துக்கொண்டு, அதிர்ஷ்டம் அந்தப் பக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். கடிகாரக் கலைஞர் லூயி ப்ரெகே பற்சக்கரங்களை நுட்பமாகக் கோத்து ஆடிகளைச் சுழலவைத்துக் கொடுத்தார். ஆண்டுகள் ஓடின. 1848-ல் புரட்சி வந்து அராகோவை அமைச்சராக்கியது. அடிமை முறையை ஒழிக்கும் ஆணை வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஆரவாரம் அடங்கியபோது அவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. எப்போது வரும் என்று தெரியாத மின்னலைப் பிடிக்க வேண்டிய சோதனைக்கு அந்தக் கண் உதவாது.

இங்கேதான் இரு இளைஞர்கள் வருகிறார்கள். ஃபிஸோவை அறிவோம். இன்னொருவர் லெயோன் ஃபூக்கோ. இருவரும் 1819 செப்டம்பரில் ஐந்து நாள் இடைவெளியில் பாரிஸில் பிறந்தவர்கள். இருவருமே மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர்கள்: ஃபிஸோவுக்கு உடல்நிலை இடம் கொடுக்கவில்லை, ஃபூக்கோவுக்கு இரத்தத்தைப் பார்க்கவே ஆகாது. அராகோ கேட்டுக்கொண்டதன் பேரில் 1845-ல் இருவரும் சேர்ந்து சூரியனை டாகரோடைப் தகட்டில் படம் பிடித்தார்கள். சில ஆண்டுகள் கூட்டாக வேலை செய்தார்கள், பிறகு பிரிந்தார்கள். 1850-ல் இருவரும் அராகோவின் அதே சோதனையைத் தனித்தனியே கையிலெடுத்தார்கள். ஃபிஸோவோடு ப்ரெகே சேர்ந்துகொண்டார், இடமும் பாரிஸ் வானாய்வகத்திலேயே கிடைத்தது. ஃபூக்கோவுக்கு எந்த நிறுவனமும் இல்லை. தாயாரோடு வசித்த அஸ்ஸாஸ் தெரு வீடுதான் ஆய்வுக்கூடம். பிழைப்புக்கு ‘ஜூர்னால் தே தேபா’ நாளிதழில் அறிவியல் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தார்.

அராகோவின் ஓட்டையை இரு தரப்பும் ஒரே விதமாகத்தான் அடைத்தன. கதிரைச் சுழலும் ஆடியிலிருந்து தெறிக்கவிட்டுத் தொலைவில் அசையாமல் நிற்கும் குழியாடி ஒன்றில் விழச்செய்வது. அந்தக் குழியாடியின் வளைவு மையம் சுழலும் ஆடியிலேயே இருப்பதால், எந்தக் கணத்தில் வந்து விழுந்தாலும் கதிர் வந்த வழியே திரும்பும். திரும்பி வருவதற்குள் சுழலும் ஆடி துளி நகர்ந்திருக்கும். ஆகவே இறுதியில் தோன்றும் பிம்பம் சற்றே விலகி, ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அது மீண்டும் மீண்டும் அங்கேயே விழுவதால் கண்ணுக்கு நிலையான படமாகத் தெரியும். அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வேண்டிய மட்டும் உற்றுப் பார்க்கலாம்.

ஃபூக்கோவின் அறைக்குள் எட்டிப் பார்ப்போம். சன்னல் வழியாக வெயில் உள்ளே வருகிறது. சூரியன் நகர நகரக் கூடவே திரும்பும் ஹீலியோஸ்டாட் ஆடி அதை ஒரே திசையில் பிடித்துக் கொடுக்கிறது. வெயில் சிறிய திறப்பு ஒன்றுக்குள் நுழைகிறது. திறப்பின் நடுவே மெல்லிய பிளாட்டினக் கம்பி நிற்கிறது, அதன் பிம்பம்தான் அடையாளக் கோடு. அடுத்து சுழலும் ஆடி. பற்சக்கரங்களை நம்பாமல் ஃபூக்கோ சிறிய நீராவிச் சுழலி ஒன்றை அமைத்துக்கொண்டார். கருவிக் கலைஞர் ஃப்ரோமானின் கைவண்ணம் அது, நொடிக்கு 800 சுற்று வரை ஓடும். அதிலிருந்து 4 மீட்டர் தள்ளி, ஆளுக்கொரு பக்கமாக இரண்டு குழியாடிகள். ஒன்றுக்குப் போகும் வழி வெறும் காற்று. மற்றொன்றின் வழியில் 3 மீட்டர் நீளக் குழாய் நிறையத் தண்ணீர்.

தண்ணீர் வழியே போய்வந்த ஒளி மங்கிப் பச்சையாகத் தெரியும். அத்தனை நீளத் தண்ணீர் சிவப்பு ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். இந்தத் தொல்லையையே ஃபூக்கோ வசதியாக்கிக்கொண்டார். காற்றுவழிக் குழியாடியின் முன் ஒரு மறைப்பை வைத்து அதன் பிம்பத்தைக் குறுகிய வெண்பட்டையாக்கினார். அதற்கு மேலும் கீழும் பச்சைப் பட்டை, தண்ணீர் வழியாக வந்தது. கம்பியின் நிழல் இரண்டிலும் கோடாக விழும். ஆடி மெதுவாகச் சுற்றும்போது வெள்ளையிலும் பச்சையிலும் கோடு ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்டப் பிம்பம் முழுவதும் ஒரு பக்கமாக நகரும். எந்தக் கோடு கூடுதலாக நகர்கிறது என்பதுதான் 200 ஆண்டுச் சண்டைக்குத் தீர்ப்பு.

எவ்வளவு கூடுதல் என்று கணக்குப் போடலாம். 3 மீட்டர் தண்ணீரைப் போக வரக் கடக்கும் ஒளி, அதே தூரத்தைக் காற்றில் கடக்கும் ஒளியைவிட அலைக் கொள்கைப்படி ஒரு நொடியின் நூறு கோடியில் 7 பங்கு அளவுக்குப் பிந்த வேண்டும். அந்த நேரத்தில், நொடிக்கு 800 சுற்றும் ஆடி, ஒரு பாகையின் ஐந்நூற்றில் ஒரு பங்கு திரும்பும். கோடுகளின் விலகல் மில்லிமீட்டரின் சிறு பின்னம். உருப்பெருக்கும் கண்லென்ஸ் வைத்துத்தான் ஃபூக்கோ பார்த்தார்.

பச்சைக் கோடுதான் கூடுதலாக விலகி நின்றது. தண்ணீருக்குள் ஒளி பிந்துகிறது.

அது 1850 ஏப்ரல் கடைசி வாரம். ஏப்ரல் 29 அன்று அராகோ அகாதெமியில் எழுந்து, தன் கண்கள் ஒத்துழைக்காததால் இந்தச் சோதனையைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். மறுநாளே ‘ஜூர்னால் தே தேபா’வில் ஃபூக்கோ தன் வெற்றியைச் செய்தியாக எழுதிவிட்டார். சொந்தச் சோதனையைப் பற்றிச் சொந்தப் பத்தியில்! நிருபர் வேலைக்கு இப்படியும் ஒரு பயன். மே 6 அன்று அகாதெமியில் முறைப்படி அறிக்கை வைத்தார். அதே கூட்டத்தில் ஃபிஸோவும் ப்ரெகேயும் தங்கள் கருவி தயார், வெயில்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஜூன் 17-ல் அவர்களும் அதே முடிவோடு வந்தார்கள். பற்சக்கரத்தில் முந்தியவர் சுழலாடியில் பிந்திவிட்டார். இதையே ஆய்வேடாக்கி ஃபூக்கோ 1853-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். நடுவில் 1851-ல் பாந்தியோன் கூரையிலிருந்து ஊசலைத் தொங்கவிட்டுப் பூமி சுழல்வதைக் காட்டியவரும் இவர்தான்.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் நியூட்டனின் துகள் கொள்கைக்கு இறுதிச் சடங்கு செய்துவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு அதில் இரண்டு மாறுபாடுகள் உண்டு. ஒன்று, பாரிஸில் விவாதம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அலைக் கொள்கையைக் கொண்டு ஃப்ரெனெல் 1819-ல் அகாதெமியின் பரிசு வாங்கிய பிறகு, அவருடைய கணக்குகள் ஒன்று விடாமல் பலித்துக்கொண்டே வர, இளம் இயற்பியலாளர்கள் அலைப் பக்கம் போய்விட்டார்கள். 1850-ல் துகளை விடாப்பிடியாகப் பிடித்திருந்தவர்கள் பியோ போன்ற சில முதியவர்கள். தீர்ப்பு எழுதிய பிறகு வந்த சாட்சியம் இது, வலுவான சாட்சியம்தான் என்றாலும். இரண்டாவது, அது எதைப் பொய்யாக்கியது என்பது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் பியேர் துயெம் 1906-ல் இதே சோதனையை எடுத்துக்கொண்டு வாதாடினார்: பரப்பு இழுக்கிறது, இழுத்தால் வேகம் கூடும் என்ற நியூட்டனின் மொத்த ஏற்பாடுதான் தோற்றது. ஒளி துகளா என்ற கேள்விக்கு மட்டும் தனியாக விடை வந்துவிடவில்லை. அவர் எழுதியதற்கு முந்தைய ஆண்டுதான் ஐன்ஸ்டைன் வேறு வகைத் துகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

ஏன் பிந்துகிறது என்பது அணுவுக்குள் மின்துகள்கள் உண்டு என்று ஏற்றுக்கொண்ட பிறகு தெளிந்தது. வரும் ஒளியலை பொருளில் உள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது, ஆடும் எலக்ட்ரான்கள் தம் பங்குக்கு அலைகளை வெளியிடுகின்றன. வந்த அலையும் இவையும் சேர்ந்து உண்டாகும் மொத்த அலையின் முகடுகள், வெற்றிடத்தில் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் பின்தங்கியே நிற்கும். எவ்வளவு பின்தங்கும் என்பது ஆட்டத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அதனால்தான் ஒளிவிலகல் எண் நிறத்துக்கு நிறம் மாறுகிறது: தண்ணீரில் சிவப்புக்கு 1.331, ஊதாவுக்கு 1.343. வானவில்லுக்கும் முப்பட்டகத்துக்கும் காரணம் இந்தச் சின்ன வித்தியாசம்.

அந்தச் சின்ன வித்தியாசம்தான் முடிந்ததாக நினைத்த கணக்கைத் திரும்பப் புரட்டிப் போட்டது. 1850-ன் சோதனை எந்தக் கோடு கூடுதலாக விலகுகிறது என்பதைத்தான் உறுதியாகச் சொன்னது, விகிதம் 1.33-தானா என்பதைத் துல்லியமாகச் சரிபார்க்கவில்லை. 1880-களில் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் மைக்கல்சன் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். தண்ணீருக்கு 1.33 வந்தது, எல்லோருக்கும் திருப்தி. அடுத்து குழாயில் கார்பன் டைசல்பைடு ஊற்றினார். நாற்றமும் தீப்பற்றும் குணமும் உள்ள திரவம், ஆனால் ஒளியைத் தண்ணீரைவிட வெகுவாக மடக்கும், நிறங்களையும் அகலப் பிரிக்கும். கோணத்தை அளந்து பெற்ற அதன் ஒளிவிலகல் எண் 1.64 அளவில். வேகத்தை அளந்து மைக்கல்சன் பெற்றது 1.76 அளவில். அளவைப் பிழை என்று தள்ளிவிட முடியாத வித்தியாசம்.

இதற்கு விளக்கம் முன்கூட்டியே தயாராக இருந்தது. 1881-ல், வெற்றிடத்தில் நீல ஒளி சிவப்பைவிட விரைவாகப் போகிறது என்று ஸ்காட்லாந்தில் இருவர் அறிவித்தபோது, ரேலி பிரபு அதை ஆராயப் புகுந்து ஒரு பழைய கேள்வியைக் கிளப்பினார்: ஒளியின் வேகம் என்றால் எதன் வேகம்? குளத்தில் கல்லெறிந்து வளையங்களைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். வளையக் கூட்டம் ஒரு வேகத்தில் விரிகிறது. கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகடும் பின்னால் முளைத்து, கூட்டத்தைவிட விரைவாக முன்னேறி, முன் விளிம்பில் கரைந்து போகிறது. முகட்டுக்கு ஒரு வேகம், கூட்டத்துக்கு ஒரு வேகம். கதிர் மடங்கும் கோணத்தைத் தீர்மானிப்பது முகடுகளின் வேகம், ஸ்நெல்லின் விகிதம் சொல்வது அதை மட்டும்தான். பற்சக்கரமோ சுழலும் ஆடியோ ஒளியைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகின்றன. அந்தத் துண்டு வந்து சேரும் நேரம் கூட்டத்தின் வேகத்தைப் பொறுத்தது. வெற்றிடத்தில் எல்லா நிறமும் ஒரே வேகத்தில் போவதால் இரண்டும் ஒன்று. நிறத்துக்கு நிறம் வேகம் மாறும் பொருளில் இரண்டும் பிரியும். தண்ணீரில் பிரிவு 1 விழுக்காட்டை ஒட்டியது, ஃபூக்கோவின் கண்ணுக்கு எட்டியிருக்க வழியில்லை. கார்பன் டைசல்பைடில் அது 6, 7 விழுக்காடு.

சுழலும் ஆடி அளப்பது சரியாக எந்த வேகத்தை என்பதில் ரேலிக்கே முதலில் குழப்பம் இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் வில்லார்டு கிப்ஸ் 1886-ல் ‘நேச்சர்’ இதழில் அதைத் தீர்த்துவைத்தார். கூட்டத்தின் வேகத்தைத்தான் என்று காட்டி, நிறங்கள் பிரியும் அளவிலிருந்து அவர் கணக்கிட்ட விகிதம் மைக்கல்சனின் 1.76-ஐ ஒட்டியே வந்தது. பிற்காலத்தில் எக்ஸ் கதிர்களுக்குப் பல பொருள்களில் ஒளிவிலகல் எண் 1-க்குக் கீழே என்று தெரிந்தபோது யாரும் பதறாமல் இருந்ததற்கு இந்தப் பிரிவினைதான் காரணம். அங்கே முகடுகள் வெற்றிட வேகத்தை மிஞ்சி ஓடும், ஆனால் எந்தச் செய்தியும் அவ்வளவு வேகத்தில் போகாது.

ஜூன் 17-ல் இரண்டாவதாக வந்த ஃபிஸோ சும்மா இருக்கவில்லை. குழாயில் நின்றிருந்த தண்ணீரை அடுத்த ஆண்டே ஓடவிட்டார், ஒளியோடு சேர்த்தும் அதற்கு எதிராகவும். ஓடும் தண்ணீர் ஒளியை முழுவதுமாக இழுத்துச் செல்லவும் இல்லை, இழுக்காமல் விடவும் இல்லை. அந்த அரைகுறை இழுப்பைப் பற்றி அடுத்த இதழில்.